ரவுட்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: ஐயா, இரண்டு மாதம் முன்பு வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு லினக்ஸ் போட்ட லேப்டாப் வாங்கினேன். காலையில் ஆன் செய்ததும் வைஃபை உடனே இணைந்துவிடுகிறது; ஆனால் எந்தப் பக்கமும் திறக்க மாட்டேன் என்கிறது. அதே மேசையில் கிடக்கும் செல்போனில் நெட் நன்றாக வருகிறது. வைஃபையை அணைத்துத் திரும்பப் போட்டால் சில நாள் சரியாகிறது, சில நாள் இல்லை. கடையில் கேட்டால், ‘ரவுட்டர் பழசு, புதுசு வாங்குங்க’ என்கிறார்கள். வாங்கலாமா?
- கல்லிடைக்குறிச்சி வாசகி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். போனில் நெட் ஓடுகிறதே, அப்புறம் ரவுட்டர் மேல் ஏன் பழி போட வேண்டும்?

நாளைக்கு லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, எதையும் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். தானாகச் சரியானால், பின்னணியில் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்திருக்கலாம். சிஸ்டம் மானிட்டரில் நெட்வொர்க் கோடு ஏறி நிற்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்டேட்டை இரவுக்குத் தள்ளி வையுங்கள், போதும்.

ஆனால் அணைத்துப் போட்டால் சரியாகிறது என்கிறீர்களே, அதனால் என் சந்தேகம் வேறு. பேட்டரியை மிச்சம் பிடிக்க, லேப்டாப்புக்குள் சிக்னலை வாங்கும் வைஃபை கார்டை அடிக்கடி தூங்க வைக்கும் ஏற்பாடு உபுண்டுவில் உண்டு. சில கார்டுகளுக்கு இது ஒத்துக்கொள்ளாது. உபுண்டுவில் வைஃபையைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருளின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்ற வரியில் 3 என்று இருக்கும். அதை 2 ஆக்கி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 3 என்றால் தூங்கலாம், 2 என்றால் தூங்கக் கூடாது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.

அதிலும் அசையவில்லையா? லேப்டாப் எந்த அலைவரிசையில் இணைகிறது என்று பாருங்கள். போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் லேப்டாப் 2.4-லும் இருக்கலாம். புளூடூத் மவுஸும் பக்கத்து வீட்டு வைஃபையும் அடித்துக்கொள்வது அந்த 2.4-இல்தான். உங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் கனத்த சுவரை 5 தாண்டுவது கஷ்டம் என்பதையும் மறக்க வேண்டாம். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து சோதியுங்கள். அங்கேயும் வைஃபை சிக்னல் ஒரே ஒரு கோடுதான் காட்டுகிறது என்றால் ஆன்டெனாவில் கோளாறு இருக்கலாம். ரியல்டெக் கம்பெனியின் விலை குறைந்த சில கார்டுகளுக்கு ஒரே ஒரு ஆன்டெனா வயர்தான் மாட்டியிருப்பார்கள். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரோ வயர் இல்லாத முனையில் சிக்னலைத் தேடிக்கொண்டிருக்கும். டிரைவரில் ஆன்டெனா தேர்வை மாற்றினால் சில மாடல்களில் சரியாகிவிடும்.

கடைசி வழியாக யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர் வாங்குவதென்றால், அட்டைப்பெட்டியில் உள்ள கம்பெனிப் பெயரை நம்பாதீர்கள், உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். மீடியாடெக் எம்.டி.7612யூ சிப்புக்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. தனியாக எதுவும் ஏற்ற வேண்டாம்.

லினக்ஸை நீங்களே போட்டிருந்தால் கடைக்காரர் கைவிரிக்கலாம். கடையிலேயே போட்டுக் கொடுத்தது என்பதால், வாரண்டி காலத்தில் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பில்லோடு, ரவுட்டர் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து ஒரு கோடு மட்டும் தெரியும் திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.