பிரிட்டன் கல்லூரிகளுக்குப் பர்சனல் ஸ்டேட்மென்ட் எழுதுவது எப்படி?

பிரிட்டனில் இளநிலைப் படிப்புக்கு யூகாஸ் (UCAS, பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) வழியாக விண்ணப்பிக்கும்போது பர்சனல் ஸ்டேட்மென்ட்டில், அதாவது உங்களைப் பற்றி நீங்களே எழுதித் தரும் பகுதியில், என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், பழைய மாதிரிகளைப் பார்த்து எழுத வேண்டாம். 2026 சேர்க்கையிலிருந்து ஒரே ஒரு நீண்ட கட்டுரை என்ற முறை போய், மூன்று கேள்விகள் வந்துவிட்டன: இந்தப் பாடம் ஏன், இதுவரை படித்தது அதற்கு உங்களை எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துகள் (சொற்கள் அல்ல). ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350.

முதல் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘சிறு வயதிலிருந்தே ஆர்வம்’ என்ற வரி யாருக்கும் பொருந்தும். பொருளியல் என்றால், தக்காளி விலை திடீரென ஏறி இறங்கியதைப் பார்த்து உங்களுக்கு எழுந்த கேள்வி என்ன, அதற்காக எதைப் படித்தீர்கள், படித்தபின் உங்கள் எண்ணம் எங்கே மாறியது என்று எழுதுங்கள். பத்துப் புத்தகப் பெயர்களை அடுக்குவதைவிட, ஒன்றோடு மல்லுக்கட்டியதைக் காட்டுவது எவ்வளவோ மேல்.

மதிப்பெண்களைத் திரும்ப எழுதாதீர்கள். அவை விண்ணப்பத்தில் வேறு இடத்தில் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து இடங்களுக்கும் ஒரே பிரதிதான் போகும்.

அப்புறம், பிறர் எழுதியதை ஒட்டிவிடாதீர்கள். யூகாஸ் முந்தைய விண்ணப்பங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒற்றுமை தெரிந்தால் பல்கலைக்கழகங்களுக்குத் தகவல் போகும். பகுதிநேர வேலை, வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொண்டது இவற்றையெல்லாம் மூன்றாவது பதிலில் தயங்காமல் எழுதலாம்.