ஒரு சர்வாதிகாரி வந்தால் நாடு ஒழுங்காகிவிடுமா?

கேள்வி: ‘லஞ்சம், சிபாரிசு எல்லாம் ஒழிய ஒரு சர்வாதிகாரி வந்தால்தான் சரிப்படும் என்கிறார்களே, அப்படி ஓர் ஆட்சியில் சாதாரண மக்களின் வாழ்க்கை எப்படி இருக்கும்?’

நான் அப்படி வாழ்ந்ததில்லை. என் மாமனார் ரங்கூனில் பிறந்தவர், சிறுவயதில் கப்பலேறி சென்னைக்கு வந்தவர். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் வைத்து பர்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் இருக்கும் இதே ஆசை பர்மாக்காரர்களுக்கும் இருந்தது. 1958-லிருந்து 1960 வரை தளபதி நே வின் காபந்து அரசை நடத்தியபோது ரங்கூன் தெருக்களில் குப்பை அள்ளினார்கள், விலைவாசி குறைந்தது, கடைசியில் தேர்தலும் நடத்திவிட்டு அவர் விலகிக்கொண்டார். ‘மிலிட்டரி வந்தால் வேலை நடக்கிறது’ என்ற பேச்சு அப்படித்தான் பரவியிருக்க வேண்டும். 1962 மார்ச் 2-ஆம் தேதி அதே மனிதர் பிரதமர் ஊ நுவைக் கைது செய்து ஆட்சியைப் பிடித்தார். இந்தத் தடவை விலகவில்லை. ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். 

சரி, கடைத்தெருவுக்கு வருவோம். ஒழுங்கு என்றால் என்ன என்பது அங்கேதான் தெரியும். 1963-ல் வங்கிகளை அரசுடைமையாக்கினார்கள், 1964-ல் கடைகளை. மாமனாரின் அப்பா மொகல் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கப்பிள்ளை. ஒருநாள் கடைக்கு அதிகாரிகள் வந்து இருப்பைக் கணக்கெடுத்து, சாவியை வாங்கிக்கொண்டு, வாசலில் ‘மக்கள் கடை’ என்று நம்பர் போட்ட பலகையை மாட்டினார்கள். முதலாளிக்கு ரசீது கிடைத்தது. “அலமாரி எல்லாம் அப்படியே இருந்துச்சு மாப்பிள்ளை, அதுக்குள்ள துணிதான் இல்ல” என்பார் மாமனார். அரசுக் கடையில் சரக்கு இல்லாததால் தாய்லாந்து எல்லை வழியாகக் கடத்தல் சரக்கு வந்தது. பற்பசை முதல் சைக்கிள் உதிரிபாகம் வரை கள்ளச்சந்தைதான். அதை ஒழித்தால் நாடே நின்றுவிடும் என்பதால் அரசும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டது. எல்லோரும் ஏதோ ஒரு சட்டத்தை மீறித்தான் அடுப்பைப் பற்றவைக்க முடியும் என்று ஆகிவிட்டால், யாரையும் எப்போது வேண்டுமானாலும் பிடித்து உள்ளே போடலாம், இல்லையா? லஞ்சம் அங்கேதான் கொழிக்கும்.

அப்புறம் பணம். பர்மாவின் நாணயம் கியாட். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பணக்கார வியாபாரிகளுக்குத்தான் இந்த அடி என்று சொன்னார்கள். கணக்கப்பிள்ளை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்ததும் நூறு கியாட் தாள்தானே. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது துறைமுகச் சோதனையில் நகைகளும் போயின. மாமனாரின் அம்மா மஞ்சள் கயிற்றோடு வந்திறங்கினார். அந்த வருடங்களில் பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். சென்னையில் பீச் ஸ்டேஷன் எதிரே இருக்கும் பர்மா பஜாரும், வியாசர்பாடியில் பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் கடைகளும் அப்படி வந்தவர்களால் உருவானவை.

போனவர்கள் கதை இது. இருந்தவர்கள் கதை இன்னும் மோசம். 1985-ல் மறுபடியும் 20, 50, 100 கியாட் செல்லாது. பதிலுக்கு வந்தவற்றில் ஒன்று 75 கியாட் நோட்டு. நே வினுக்கு அப்போது 75 வயது என்று காரணம் சொல்வார்கள். 1987 செப்டம்பரில் அந்த 75-ம், கூடவே 25, 35-ம் செல்லாது. நம் ஊரில் 2016-ல் பழைய நோட்டை மாற்ற வரிசையில் நின்றோமே, அங்கே அந்த வரிசைகூட இல்லை. மாற்றித் தரவே மாட்டோம் என்றுவிட்டார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் காகிதமானது. பிறகு வந்தவை 45, 90 கியாட் நோட்டுகள். இரண்டும் ஒன்பதால் வகுபடும், ஒன்பது அவருடைய ராசி எண். 90 கியாட்டை நீட்டி 35 கியாட்டுக்குக் கீரையும் மீனும் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கடைக்காரம்மா விரல் விட்டுத்தான் எண்ண வேண்டும்.

1970-ல் ஒருநாள் சாலையில் இடதுபக்கம் போன வண்டிகளை எல்லாம் வலதுபக்கம் மாற்றினார்கள். ஜோசியர் சொன்னார் என்பது ஊர்ப்பேச்சு. பஸ்கள் பழையவைதான், கதவும் பழைய பக்கம்தான். பயணிகள் நடுரோட்டில் இறங்கினார்கள். உத்தரவு போடுவதற்கு முன்னால் ‘ஐயா, பஸ் கதவு?’ என்று கேட்க அந்த அறையில் ஒருவருக்கும் தைரியம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த தேசம், 1987 கடைசியில் ஐ.நா.விடம் மிகவும் பின்தங்கிய நாடு என்ற பட்டத்தை வாங்கியது.

சிபாரிசு ஒழியுமா என்று கேட்டீர்களே. 1988 மார்ச்சில் ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கும் உள்ளூர் ஆட்கள் சிலருக்கும் ஒரு டீக்கடையில் தகராறு, என்ன பாட்டு கேசட் போடுவது என்று. ஒரு மாணவனின் மண்டை உடைந்தது. அடித்தவனைப் பிடித்த போலீஸ் உடனே விட்டுவிட்டது. அவன் அப்பா உள்ளூர் மக்கள் கவுன்சிலில் ஆள். நியாயம் கேட்கப் போன மாணவர்கள் மீது சுட்டதில் ஃபோன் மோ என்ற மாணவர் இறந்தார். ஏற்கெனவே கையிலிருந்த நோட்டைப் பறிகொடுத்திருந்த ஊர், அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஜூலையில் நே வின் ஆளுங்கட்சித் தலைமையிலிருந்து விலகினார், ‘ராணுவம் சுட்டால் குறி பார்த்துத்தான் சுடும், வானத்தைப் பார்த்துச் சுடாது’ என்ற பொருளில் மிரட்டிவிட்டு. ஆகஸ்ட் 8-ஆம் தேதி நாடே தெருவில் இறங்கியது. அவர் சொன்னபடியே சுட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். செப்டம்பர் 18-ஆம் தேதி வேறு தளபதிகள் ஆட்சியை எடுத்துக்கொண்டார்கள், சட்டம் ஒழுங்கை மீட்கும் கவுன்சில் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு.