பழைய வீட்டு அடைப்பும் புதிய வீட்டு அடைப்பும்

கேள்வி: எங்கள் பூர்விக வீட்டிலும், மகன் வாங்கிய புதிய அடுக்குமாடி வீட்டிலும் கழிவுநீர்க் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. இரண்டிலும் ஆசிட் ஊற்றலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம், அம்மா. பழைய வீடுகளில் பதித்த சுட்ட களிமண் குழாய்களின் சிமென்ட் இணைப்புகள் நாளடைவில் விரிசல் விடுவதால், கொல்லையில் நிற்கும் மரம் ஈரம் தேடி மயிரிழை போன்ற வேரை உள்ளே நுழைத்துவிடும். ஆசிட் அந்த இணைப்பைத்தான் மேலும் அரிக்கும். வேரைக் கம்பிச்சுருளால் அகற்றி, உடைந்த துண்டை மாற்றுவதே தீர்வு. புதிய வீட்டில் பெரும்பாலும் சமையல் எண்ணெய் உறைந்து சோற்றுப் பருக்கைகளைப் பிடித்துக்கொள்கிறது. பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு அடியிலுள்ள வளைகுழாயைக் கழற்றிக் கழுவுங்கள். கொதிநீர் பி.வி.சி. குழாயை இளக்கிவிடும் என்பதால் வெதுவெதுப்பான நீரே போதும். எந்த வீடானாலும் கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் நச்சுவாயு நொடியில் உயிரைப் பறிக்கும், பாதுகாப்புக் கருவியின்றி இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.