வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஆங்கிலம்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், பையனுக்கு நாலு வயசு. பள்ளியில் சேர்ந்து ரெண்டு மாசமாச்சு, அங்கே வாயே திறக்கிறதில்லையாம். வீட்டில் ஓயாத பேச்சு. பயமா இருக்கு.

பதில்: வீட்டில் ஓயாமல் பேசுகிறான் என்கிறீர்களே, பாதிக் கவலை அதிலேயே தீர்ந்தது. புது மொழிக்குள் நுழையும் பிள்ளைகளில் பலர் முதலில் சில வாரம், சில மாதம்கூட வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பார்கள். சொன்னதைச் செய்கிறானா, கைகாட்டிக் கேட்கிறானா, மற்ற பிள்ளைகளோடு சேர்கிறானா என்று டீச்சரிடம் விசாரியுங்கள். நாலு பேர் முன்னால் நிறுத்தி "இங்கிலீஷில் சொல்லு" என்று மட்டும் படுத்தாதீர்கள்.

கேள்வி: வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசச் சொல்கிறார் வகுப்பு டீச்சர். எங்களுக்கு அவ்வளவாக வராது.

பதில்: வேண்டாம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் தப்பான யோசனை. வராத மொழியில் பேசினால் வீட்டுப் பேச்சே "வா, போ, சாப்பிடு" என்று சுருங்கிப்போகும். காரணம் சொல்ல, கதை கட்ட, எதிர்வாதம் செய்ய எந்த மொழியில் பழகினாலும் அது ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும். தண்ணீர் ஆவியாவது எப்படி என்று தாய்மொழியில் புரிந்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் அதற்கான சொற்கள்தான் பாக்கி. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் கதை சொல்லுங்கள், நடுவில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

கேள்வி: மகள் ஒரே வாக்கியத்தில் ரெண்டு மொழியையும் கலக்கிறாள்.

பதில்: கலக்கட்டும். நாம் மட்டும் என்ன, கலக்காமலா பேசுகிறோம்?

கேள்வி: நான் ஆசிரியை. ஒரு மாணவி விளையாடும்போது ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டுகிறாள், எழுதச் சொன்னால் திணறுகிறாள். சோம்பலோ?

பதில்: இல்லைங்க. பழகுவதற்கான ஆங்கிலம் ஏறத்தாழ 2 ஆண்டில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு 5 முதல் 7 ஆண்டு ஆகலாம் என்கிறார் கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ். எழுதும் முன் ஜோடியாகப் பேச விடுங்கள். தாய்மொழியில் பேசினாலும் சரி. படமும் தொடக்க வாக்கியமும் கொடுங்கள். கேள்வி கேட்டதும் 3 விநாடியாவது பொறுங்கள், வகுப்பில் அது யுகமாகத் தெரியும்! "ஐ கோ பார்க் எஸ்டர்டே" என்றால் திருத்தாமல், "ஓ, யூ வென்ட் டு தி பார்க்!" என்று பேச்சைத் தொடருங்கள்.

கேள்வி: எப்போது ஸ்பீச் தெரபிஸ்டிடம் போகணும்?

பதில்: வீட்டு மொழியிலும் வயதுக்கேற்ற பேச்சோ புரிதலோ இல்லையென்றால் உடனே. முதலில் காதைச் சோதியுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்தே எண்ணும்படி தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். ஆங்கிலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும்.