செகோன் எத்தனை விமானங்களை வீழ்த்தினார்?

அன்புள்ள சார்,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டிசம்பர் 14 அன்று இந்திய விமானப்படை பைலட் நிர்மல் ஜித் சிங் செகோனைப் பற்றி ஒரு குறிப்பு போட்டேன். 1971 போரில் ஸ்ரீநகரில் தனி ஆளாக ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்களை எதிர்த்து, இரண்டை வீழ்த்திவிட்டு உயிர்விட்டார் என்று. வெளிநாட்டில் படிக்கும் என் அக்கா மகன் உடனே பாகிஸ்தான் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் கட்டுரையை அனுப்பி, "அன்னைக்கு ஒரு சேபர்கூட விழலை மாமா, ஆறும் திரும்பிப் போயிடுச்சு" என்கிறான். பேச்சு முற்றி இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். அவன் சொல்வது உண்மையென்றால் பரம் வீர் சக்ரா எதற்குக் கொடுத்தார்கள்? இத்தனை வருஷமாக ஒரு கதையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறோமா? 2020இல் எங்கள் ஊருக்கு வந்த தேஜஸ் ஸ்குவாட்ரன் செகோனுடையதுதான் என்கிறார்கள், அதுவும் சரியா?

ஒரு வாசகர், சூலூர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வி சுலபமானது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமாம், அதேதான். 18ஆவது ஸ்குவாட்ரன், 'ஃப்ளையிங் புல்லட்ஸ்'. 1965இல் 'நாட்' என்ற சின்னப் போர் விமானங்களோடு தொடங்கப்பட்டது, செகோன் ஓட்டியதும் அதைத்தான். பின்னாளில் மிக்-27 ஓட்டினார்கள், 2016இல் அந்த விமானங்கள் ஓய்வுபெற்றபோது ஸ்குவாட்ரனும் முடங்கியது, 2020 ஏப்ரலில் சூலூரில் மறுபடி எழுப்பப்பட்டு மே 27 அன்று தேஜஸோடு பணிக்கு வந்தது. உங்கள் தலைக்கு மேல் அந்த இரைச்சல் கேட்டபோதெல்லாம் செகோனின் ஸ்குவாட்ரன்தான் பறந்துகொண்டிருந்தது என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இனி வம்பான கேள்வி. உங்கள் மருமகன் சொல்வதில் விஷயம் இருக்கிறது, அவனை அடக்கி உட்கார வைக்காதீர்கள்.

பரம் வீர் சக்ராவுக்கான அரசின் சான்றுரையை யாராவது நிதானமாகப் படித்திருந்தால் உங்கள் குழுவில் பாதிச் சண்டை நடந்திருக்காது. அதில் 'இரண்டை வீழ்த்தினார்' என்று இல்லை. ஒரு விமானத்தைச் சுட்டுத் தாக்கினார், இன்னொன்றைத் தீப்பற்றச் செய்தார் என்றுதான் இருக்கிறது. அதையும் பாகிஸ்தான் தரப்பு ஏற்கவில்லை, ஆறும் திரும்பிவிட்டன என்பதே அவர்கள் நிலை. என் நிலை இது: ஒரு விமானம் விழுந்தது என்றால் எங்காவது சிதிலம் வேண்டும், அல்லது செத்த பைலட்டின் பெயரோ சிறைப்பட்ட பைலட்டின் பெயரோ வேண்டும். அது இல்லாதவரை 'இரண்டை வீழ்த்தினார்' என்று நான் எழுதமாட்டேன். சான்றுரையில் இருக்கும் 'தாக்கினார்', 'தீப்பற்றியது' என்பவை ஃபார்வர்டு ஆகி ஃபார்வர்டு ஆகி 'வீழ்த்தினார்' ஆகிவிட்டன, அவ்வளவுதான்.

இதில் யாரும் திட்டமிட்டுப் பொய் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில், மரத்தின் உயரத்தில், புகைக்கும் பனிக்கும் நடுவே நடக்கும் சண்டையில் எவன் எதைச் சரியாகப் பார்ப்பான்? 1940 செப்டம்பர் 15 அன்று பிரிட்டிஷ் விமானப்படை 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது, போருக்குப் பிறகு ஜெர்மன் ஆவணங்களைப் புரட்டினால் கிட்டத்தட்ட 60தான். ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டு, மூவரும் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாகிஸ்தான் பக்கமும் இது உண்டு, 1965இல் எம்.எம். ஆலம் சர்கோதா அருகே ஒரே பறப்பில் ஐந்து இந்திய ஹண்டர்களை வீழ்த்தியதாக அங்கே கொண்டாடுகிறார்கள், அந்தக் கணக்கை இந்தியத் தரப்பு ஏற்கவில்லை. மருமகனிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் பரம் வீர் சக்ரா எதற்கு? அதே 1971இல் நடந்த இன்னொரு சண்டையைப் பாருங்கள். நவம்பர் 22, வங்க எல்லையில் போய்ரா. 22ஆவது ஸ்குவாட்ரனின் நாட் விமானங்கள் சேபர்களோடு மோதின, மூன்றை வீழ்த்தியதாக அறிவித்தார்கள். உண்மையில் விழுந்தவை இரண்டு, மூன்றாவது அடிபட்டாலும் எப்படியோ டாக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட பைலட்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பிற்பாடு பாகிஸ்தான் விமானப்படைக்கே தளபதியானார். சந்தேகத்துக்கு இடமே இல்லாத வெற்றி, சுட்டவர்கள் மாஸி, கணபதி, லாசரஸ். அவர்களுக்குக் கிடைத்தது வீர் சக்ரா. செகோனுக்கு அதைவிட இரண்டு படி மேலே, விமானப்படையில் இதுவரை வேறு யாருக்கும் கிடைக்காத விருது. எண்ணிக்கைக்காகக் கொடுப்பதாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

1971 டிசம்பர் 14 காலை ஸ்ரீநகரில் என்ன நடந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. 1948 முதல் இருந்த சர்வதேச உடன்பாட்டின்படி போர் வெடிக்கும்வரை ஸ்ரீநகரில் போர் விமானங்களை நிறுத்தவில்லை. ஆகவே லூதியானா பக்கத்து இசேவால் கிராமத்திலிருந்து வந்த செகோனுக்கு அந்த மலையும் குளிரும் உயரமும் எல்லாமே புதிது. (சான்றுரையே இதைச் சொல்கிறது.) பெஷாவரிலிருந்து ஆறு சேபர்கள் வந்தன, நான்கில் குண்டுகள், இரண்டு காவலுக்கு. ஓடுபாதையில் தயாராக நின்றவை இரண்டே நாட் விமானங்கள். முன்னால் குமான், பின்னால் செகோன்.

போர் விமானம் ஒன்றைக் கொல்ல ஆகச் சுலபமான நேரம் அது தரையிலிருந்து கிளம்பும் நேரம். வேகம் இருக்காது, எரிபொருள் நிரம்பிக் கனமாக இருக்கும், சக்கரங்கள் இன்னும் உள்ளே போயிருக்காது, நினைத்த பக்கம் திருப்ப முடியாது. வானத்தில் வேகம் வைத்திருப்பவன் கையில்தான் எல்லாம். முதல் விமானம் கிளப்பிய புழுதி அடங்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டிய இரண்டாவது ஆளுக்கு நிலைமை இன்னும் மோசம், அதற்குள் குண்டுகள் ஓடுபாதையில் விழத் தொடங்கிவிட்டன. அந்த நொடியில் என்ஜினை அணைத்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியிருந்தால் ஒருவரும் செகோனைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் குண்டுகளுக்கு நடுவே விமானத்தை ஓட்டி மேலே கொண்டுபோனார். போனதும் தப்பித்து விலகவில்லை, குண்டு போட்டுவிட்டுத் திரும்பும் ஒரு ஜோடி சேபர்களின் பின்னால் நேராகப் போய் நின்றார்.

குமானின் கண்ணுக்குப் பனியிலும் புகையிலும் செகோன் தட்டுப்படவே இல்லை. (குமானை வசைபாடி சில பதிவுகள் சுற்றுகின்றன, அவற்றைப் பகிராதீர்கள். அந்தப் பனியில் ஜோடி பிரிந்துபோவதற்குக் கோழைத்தனம் தேவையில்லை.) பிறகு கேட்டதெல்லாம் ரேடியோவில்தான். இரண்டு சேபர்களின் பின்னால் இருப்பதாகவும் விடப்போவதில்லை என்றும் செகோன் சொல்கிறார். அப்புறம் வட்டச் சண்டையில் இருப்பதாகச் சொல்கிறார். சுற்றிச் சுற்றி ஒருவன் வாலை இன்னொருவன் பிடிக்கப் பார்ப்பதுதான் வட்டச் சண்டை. ஒற்றைக்கு ஒற்றை என்றால் சின்ன உருவமுள்ள நாட் அதில் கில்லாடி. ஆனால் நீங்கள் ஒருவன் வாலைப் பிடித்திருக்கும்போது உங்கள் வாலைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவருக்கு இல்லை. கடைசியாக, அடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன், குமான் வந்து இவர்களைப் பிடியுங்கள் என்கிறார். விமானத்தின் மேல்மூடி கழன்று பறந்ததைப் பார்த்திருக்கிறார்கள், குதிக்க முயன்றிருக்க வேண்டும், அதற்கு உயரம் போதவில்லை. சிதிலம் ஒரு பள்ளத்தில் கிடைத்தது. ராணுவமும் விமானப்படையும் தேடியும் உடல் கிடைக்கவில்லை. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. இரண்டு நாளில் டாக்கா விழுந்து போரும் முடிந்துவிட்டது.

சரி, மருமகன் இனி என்ன சொல்வான்? இதையெல்லாம் இந்தியர்களே சொல்லிக்கொண்டால் எப்படி என்பான். செகோனை வீழ்த்தியவர் சலீம் பெய்க் மிர்ஸா, காவலுக்கு வந்த சேபர்களில் ஒன்றின் பைலட். அவரே பின்னாளில் எழுதிய கட்டுரையில் செகோனின் துணிச்சலையும் திறமையையும் மெச்சியிருக்கிறார். சேபர் விழுந்ததா இல்லையா என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை, ஆனால் செகோன் எப்படிச் சண்டை போட்டார் என்பதில் ஒத்துப்போகிறார்கள். கொன்றவனின் வாயிலிருந்து வரும் பாராட்டுக்கு மேல் எந்தச் சாட்சியும் எனக்கு வேண்டியதில்லை. அதோடு இல்லாத இரண்டு சேபர்களைச் சேர்த்துவிட்டால், நாளைக்கு எவனாவது அந்த இரண்டையும் கழற்றி எறியும்போது செகோனும் சேர்ந்து விழுகிறார். உங்கள் குழுவில் நடந்தது அதுதான்.

ஆகவே குறிப்பைத் திருத்திப் போடுங்கள். 'இரண்டை வீழ்த்தினார்' என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மிர்ஸாவைப் பற்றி ஒரு வரி சேருங்கள். குழுவை விட்டுப் போன இருவரையும் மறுபடி சேர்க்கும் பொறுப்பை மருமகனிடமே ஒப்படையுங்கள், ஆரம்பித்தவன் அவன்தானே.