பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனை) எண்கள் ஒவ்வொரு முறையும் மாறுகின்றன. மென்பொருள் உண்மையிலேயே மெதுவாகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நேற்று குறித்துவைத்த எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். முந்தைய ஓட்டத்தைவிட 5% மெதுவானால் எச்சரிக்கை வரும். ஓடியதோ பலர் பகிர்ந்துகொள்ளும் கிளவுட் மெஷினில். கோடில் யாரும் கைவைக்காத நாளிலும் எச்சரிக்கை வந்தது. சில வாரங்களில் அதைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டோம். அந்தச் சமயத்தில்தான் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்புக்குள் பட்டியலை வரிசைப்படுத்தும் வரி ஒன்று நுழைந்தது. அதற்கும் எச்சரிக்கை வந்திருக்கிறது. பயனர்கள் புகார் சொன்ன பிறகுதான் தேடிப் பார்த்தோம்.

இப்போது பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே மெஷினில் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். பழையது, புதியது, மறுபடி பழையது என்று 20 ஜோடி. ப்ராசஸர் சூடேறி வேகம் குறைந்தாலும், பக்கத்தில் வேறு வேலை ஓடினாலும், பாதிப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய சமமாகப் போய்ச்சேரும். ஜோடிக்கு ஜோடி வித்தியாசம் எடுத்து, அதன் மீடியனை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணைப் பாருங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு மோசமான ஓட்டம் அதை இழுத்துவிடும்.

வரம்பு எவ்வளவு வைப்பது? ஒரே பதிப்பை அதனுடனேயே இதே முறையில் பலமுறை ஒப்பிடுங்கள். அதிலேயே 3% வரை வித்தியாசம் காட்டினால், 2% சரிவை உங்களால் பிடிக்க முடியாது. இதைச் செய்யாமல் வரம்பு வைப்பது வெறும் ஊகம். எங்கள் 5% அப்படி வந்ததுதான்.

நேரத்துக்குப் பதிலாக, ப்ராசஸர் நிறைவேற்றும் கட்டளைகளை எண்ணலாம். வால்கிரைண்ட் என்ற மென்பொருள் ஆய்வுக் கருவித் தொகுப்போடு வரும் கேஷ்கிரைண்ட் இதைச் செய்யும். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் குழுவினர் சின்னச் சின்ன மேம்பாடுகளை அளக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். எண் அதிகம் ஆடாது. ஆனால் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரமும் லாக்குக்காக (வேறொரு வேலை பூட்டிவைத்திருப்பது விடுபடுவதற்காக) காத்திருக்கும் நேரமும் அதில் தெரியாது.

இன்னொன்று, முந்தைய கமிட்டோடு (கோடில் பதிவுசெய்த முந்தைய மாற்றத்தோடு) மட்டும் ஒப்பிட்டால் மெல்ல ஊரும் சரிவு கண்ணில் படாது. ஒவ்வொன்றும் 1% என்று 12 மாற்றங்கள் சேர்ந்தால் கிட்டத்தட்ட 13% ஆகிவிடும். கடைசியாக வெளியிட்ட பதிப்போடும் ஒப்பிடுங்கள்.

ஏற்கெனவே மெதுவாகிவிட்டது, எந்த கமிட் என்று தெரியவில்லை என்றால் கிட் பைசெக்ட் போதும். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் கட்டளை அது; ஒவ்வொரு படியிலும் நடு கமிட்டைச் சோதிக்கச் சொல்லி, தேட வேண்டியதைப் பாதியாக்கும். 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 படிகளில் முடிந்துவிடும். ஒவ்வொரு படியிலும் அதே மாற்றி மாற்றி ஓட்டும் முறையைப் பயன்படுத்துங்கள். ஒரு படியில் தவறாக ‘நல்லது’ என்று குறித்துவிட்டால், மீதித் தேடல் முழுக்கத் தவறான பாதியில்தான் நடக்கும்.