ரயில் போஸ்டர் வரைய ஐபேடும் சந்தாவும் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த மாதம் 70 வயது. இளவயதில் தஞ்சோங் பகாரில் ரயிலேறிக் கோலாலம்பூர் போய்வந்த கதையை இன்றும் சொல்வார். அந்தக் காலத்து ரயில்வே போஸ்டர் போல ஒன்றை நானே வரைந்து, சட்டம் போட்டுக் கொடுக்க ஆசை. வீட்டில் மடிக்கணினி இருக்கிறது. ஐபேட், அதில் வரையும் ஆப்பிள் பென்சில், இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா மூன்றும் வேண்டும் என்கிறார் நண்பர். உண்மையா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: ஒரு போஸ்டருக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். அந்த மடிக்கணினியே போதும்.

பழைய போஸ்டர்கள் பெரும்பாலும் கல் அச்சில் வந்தவை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், அல்லது தனித் தகடு. நிறம் கூடினால் செலவும் கூடும். அதனால் ஓவியர்கள் சில நிறங்களையே எடுத்து, நிழலைக்கூட ஒரே தட்டையான பட்டையாக வைத்தார்கள். இப்படிப்பட்ட வடிவங்களை மவுஸை வைத்தே வரையலாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம். அதேபோன்ற அஃபினிட்டியும் 2025 அக்டோபரிலிருந்து இலவசம், கேன்வா இணையதளத்தில் ஒரு கணக்கு மட்டும் வேண்டும். இரண்டிலும் வெக்டராக, அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடும் வடிவமுமாக வரைந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது.

எதை வரைவது? 1932ல் திறந்த தஞ்சோங் பகார் நிலையத்தின் முகப்பையே எடுங்கள். விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் என நான்கு பளிங்குச் சிலைகள் வரிசையாக நிற்கும். ஐந்தே நிறம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சிலைகளுக்கு வெளிர்மஞ்சள், நிழலுக்குக் கருநீலம். மூக்கு, விரல் என்று நுணுக்கமாகப் போனால் பழைய சாயல் போய்விடும்.

பழைய போஸ்டரை அப்படியே நகலெடுக்க வேண்டாம். சிங்கப்பூரில் காப்புரிமை பொதுவாக ஓவியர் இறந்து 70 ஆண்டு வரை இருக்கும். 'நார்ட் எக்ஸ்பிரஸ்' ரயிலுக்கான போஸ்டர் 1927ல் வந்தது, ஆனால் அதை வரைந்த கசாந்த்ர் இறந்தது 1968ல். பாணியைப் பின்பற்றுவதில் தடையில்லை.

தமிழில் தலைப்பு வைக்கப் போகிறீர்கள் என்றால், எந்த மென்பொருளானாலும் முதல் வேலையாக 'தஞ்சோங் பகார்' என்று அடித்துப் பாருங்கள். 'சோ' என்பதில் இரட்டைக்கொம்பு ச-வுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போய் நின்றாலோ புள்ளிகளாலான வட்டம் தெரிந்தாலோ அதில் தமிழ் சரியாக வராது. இங்க்ஸ்கேப்பில் ஒழுங்காக வரும். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தனியாகப் போட வேண்டும், காசு கட்டிவிட்டு இது தெரியாமல் திண்டாடியவர்கள் பலர். கூகுள் ஃபாண்ட்ஸில் உள்ள கட்டமரான் எழுத்துரு இந்தப் பாணிக்கு அழகாகப் பொருந்தும், அதுவும் இலவசம். அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக விடாமல் வரைந்த வடிவமாக மாற்றிவிடுங்கள், அச்சகக் கணினியில் எழுத்து குலையாது.

சந்தா பற்றி ஓர் எச்சரிக்கை. மாதாமாதம் கட்டும் 'ஆண்டுத் திட்டம்' மாதச் சந்தா ஆகாது. இல்லஸ்ட்ரேட்டரை விற்கும் அடோபியில் 14 நாள் கழித்து அதை ரத்து செய்தால், மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கேட்பார்கள்.

பிறகு எப்போதாவது ஐபேட் வாங்கினால் பென்சிலைப் பார்த்து வாங்குங்கள். யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலுக்கு அழுத்தம் உணரும் வசதி கிடையாது, கோடு தடித்து மெலியாது. இரண்டாம் கைப் பொருளைக் கடையில் வாங்கினால், பொருளில் குறை இருந்தால் கடைக்காரரைப் பொறுப்பாக்கும் 'லெமன்' சட்டப் பாதுகாப்பு உண்டு. கரோசெல் இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கினால் கிடையாது, அங்கேயே எழுதிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மிச்சமாகும் காசை அச்சுக்குச் செலவிடுங்கள், அங்கேதான் வேலை கெடும். திரையில் பளீரென்று இருக்கும் ஆரஞ்சும் நீலமும் தாளில் மங்கும். என் முதல் போஸ்டரில் வானம் சாம்பலாகவே வந்துவிட்டது. சன்ஷைன் பிளாசா பக்கம் அச்சுக் கடைகள் நிறைய உண்டு. முதலில் ஏ4-ல் ஒரு மாதிரி எடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து நிறத்தைத் திருத்துங்கள். பளபளப்பில்லாத தடித்த தாள் கேளுங்கள்.

அப்புறம், சட்டத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். கடைகளில் 50க்கு 70 சென்டிமீட்டர் சட்டம் சுலபமாகக் கிடைக்கும், ஏ2 தாளோ 42க்கு 59.4. சட்டத்தின் உள்ளளவை அளந்து, அதே அளவில் கணினியில் பக்கத்தைத் திறந்து வரையத் தொடங்குங்கள்.